நாத்தனார் கேட்ட 16 பொம்மைகளும் உங்கள் கார்டு பாக்கியும்

கேள்வி: மூன்று வருடமாகப் பண்டிகை விடுமுறைக்கு, வீட்டுக் குழந்தைகளுக்குக் கம்பளி நூலில் கரடி, முயல், யானை என்று கையால் பின்னிக் கொடுக்கிறேன். முதல் வருடம் 4 பொம்மைதான். இப்போது என் நாத்தனார் தன் தோழிகளின் பிள்ளைகளையும் சேர்த்து 16 பேர் பட்டியல் கொடுத்திருக்கிறார். "நூல் காசை அப்புறம் கொடுத்துடறேன்" என்பார், வராது. கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. போன வருடம் 12 பொம்மைக்கு நூல் வாங்கி 7தான் முடித்தேன். எல்லாம் கிரெடிட் கார்டில் வாங்கியது, மாதாமாதம் குறைந்தபட்சத் தொகை கட்டுகிறேன். பாக்கி ஒரு மாதச் சம்பளத்தைத் தொட்டுவிட்டது. தனிநபர் கடன் வாங்கிக் கார்டை அடைத்துவிட்டு, மிச்சத்தில் இன்னும் நூல் வாங்கிப் பொம்மைகளை விற்கலாமா? விடுமுறைக்கு 12 வாரம் இருக்கிறது.

பதில்: வரவு செலவை எழுதி வையுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. வரிசைக்கு வரிசை கண்ணி எண்ணிப் பின்னுகிறவருக்கு அது தெரியாமல் இருக்காது. கடனைப் பற்றிக் கேட்கிறீர்கள், எனக்கோ அந்த "அப்புறம்" என்ற சொல்தான் உறுத்துகிறது. அடுத்தவர் கேட்ட பொருளுக்கு உங்கள் கார்டை முதலில் நீட்டுகிறீர்களே, அந்தப் பழக்கம்தான் சிக்கல். கம்பளி நூல் பாவம், அதைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

முதலில் நேரக் கணக்கு. 25 செ.மீ. கரடி ஒன்றைப் பின்னி, பஞ்சு அடைத்து, கை கால் காது வைத்துத் தைத்து முடிக்க 20 மணி நேரம் என்று வையுங்கள் (நானும் ஊசி பிடிப்பவள்தான், பின்னுவதைவிட அந்தத் தையல் வேலைதான் உயிரை எடுக்கும்). 16 பொம்மைக்கு 320 மணி நேரம். தினமும் 2 மணி நேரம் உட்கார்ந்தாலும் 12 வாரத்தில் கிடைப்பது 168 மணி நேரம், அதாவது 8 பொம்மை. 16க்கும் நூல் வாங்கினால் பாதி பரணுக்குத்தான் போகும். போன வருடமும் இதேதான் நடந்திருக்கிறது. பின்னாத நூலுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

வட்டி எவ்வளவு? பாக்கி 100, மாத வட்டி 3 சதவீதம், குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டு தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். புதிதாக எதுவும் வாங்காமல் ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டினால் உங்கள் கையிலிருந்து 55 போயிருக்கும், பாக்கி இன்னும் 77 நிற்கும். 32 வட்டிக்கே போச்சு. பழைய பாக்கி நிற்கும்போது பெரும்பாலான கார்டுகளில் புதுச் செலவுக்கு வட்டியில்லாத நாட்களும் கிடையாது, வாங்கிய அன்றே வட்டி ஓட ஆரம்பிக்கும். உங்கள் கார்டின் வட்டி விகிதம் மாதாமாதம் வரும் கணக்கு அறிக்கையில் இருக்கும், அதைப் போட்டுப் பாருங்கள்.

தனிநபர் கடனின் வட்டி கார்டைவிடத் தெளிவாகக் குறைவாக இருந்தால், பாக்கி எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டும் வாங்கி அடைப்பதில் தப்பில்லை. "மிச்சத்தில் நூல்" என்ற பேச்சே வேண்டாம். நூலுக்கு 'வட்டியில்லாத் தவணை' என்று இப்போது ஆளாளுக்கு நீட்டுகிறார்கள், மாதம் ஒரு நூல் பெட்டி என்று சந்தாவும் வந்துவிட்டது. கட்டணத்தைப் பார்க்காமல், தவணை தவறினால் என்ன என்று கேட்காமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். சந்தா உங்களுக்கு எதற்கு, வீட்டில் 5 பொம்மைக்கான நூல் அப்படியே கிடக்கிறதே.

விற்பனை? ஒரு பொம்மைக்கு முகம் தெரியாத ஒருவர் தருகிற விலையில் நூலையும் பஞ்சையும் கழித்து 20ஆல் வகுத்துப் பாருங்கள். அந்தத் தொகைக்கு ஒரு மணி நேரம் உழைப்பீர்களா? விற்பனை என்றால் பொம்மைப் பாதுகாப்பு விதிகளும் வரும், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் சிஇ (CE) என்ற பாதுகாப்பு முத்திரை இல்லாமல் பொம்மை விற்க முடியாது. கடன் தீரும்வரை இந்த யோசனையை மூட்டை கட்டி வையுங்கள்.

இந்த வருடத்துக்கு ஒரு வழி இருக்கிறது. உயரத்தைப் பாதியாக்கினால், அதே ஊசி, அதே நூலில், பரப்பு நாலில் ஒன்றாகிவிடும். 100 கிராம் நூல் கேட்ட கரடி 25 கிராமில் முடியும், பஞ்சு எட்டில் ஒரு பங்கு போதும். நேரம் மட்டும் அந்த அளவுக்குக் குறையாது, சின்னக் காதைத் தைக்கவும் அதே பாடுதான். 7 மணி நேரம் என்று வையுங்கள், 16க்கு 112 மணி நேரம். கைக்குள் அடங்குகிறது. வீட்டில் கிடக்கும் நூலைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள், 400 கிராம் இருந்தால் புதிதாக ஒரு உருண்டைகூட வேண்டாம். நிறம் ஒன்றுக்கொன்று சேரவில்லையா, காதுக்கும் கால் பாதத்துக்கும் வேறு நிறம் போடுங்கள். பிரிக்காத உருண்டைகளைக் கடை திரும்ப எடுத்துக்கொள்ளுமா என்று கேளுங்கள், எடுத்தால் அந்தக் காசு நேரே கார்டுக்கு.

நாத்தனாரிடம் சண்டை வேண்டாம். "அண்ணி, வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் பின்னிடறேன். உங்க தோழிகளோட பிள்ளைகளுக்கு வேணும்னா நூலும் பஞ்சும் நீங்களே வாங்கிக் கொடுத்துடுங்க, எத்தனை கிராம்னு எழுதித் தரேன்" என்று சொல்லிப் பாருங்கள். நூல் வந்தால் பின்னுங்கள், வராவிட்டால் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும். ஒருவேளை முகம் கோணினால் கோணட்டும், நான்கு நாள் இருக்கும்.

இன்னொன்று, 3 வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்குக் கொடுப்பதில் பிளாஸ்டிக் கண் வைக்காதீர்கள், பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். கறுப்பு நூலால் கண் தைத்துவிடுங்கள்.