மே மாதத்தில் ராமேஸ்வரம் வழியே திருச்செந்தூர்: சாப்பாட்டுக்கு எங்கே நிறுத்துவது?

கேள்வி: கோவையிலிருந்து நாங்கள் ஆறு பேர் மே இரண்டாம் வாரத்தில் காரில் புறப்படுகிறோம். ராமேஸ்வரத்தில் இரண்டு இரவு தங்கிவிட்டுக் கடற்கரைச் சாலை வழியாகத் திருச்செந்தூர் போவதாகத் திட்டம். மாமியாருக்கு 71 வயது, சைவம், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். கணவருக்கும் மகன்களுக்கும் மீன் சாப்பாடு இல்லாமல் கடற்கரைப் பயணம் கிடையாது. எந்த ஊரில், எந்த ஹோட்டலில் நிறுத்தலாம்?

பதில்: ஹோட்டல் பெயர் எதையும் நான் சொல்லப் போவதில்லை. அந்தக் கடற்கரைப் பக்கம் ஒரு கடையின் பேர் அதன் சமையல்காரரோடு வருவது, அவரோடே போய்விடுவது. பெயரை விட உங்களுக்கு உதவக்கூடியவை இரண்டு: எந்த நேரத்தில் எந்த ஊரில் இருக்க வேண்டும் என்பதும், மீன் எங்கிருந்து வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும்.

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் தேதி அதற்குச் சற்று இடைஞ்சலானது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. பள்ளி விடுமுறையில் குடும்பம் குடும்பமாக மீன் தேடி வருகிற நாட்களில்தான் ராமேஸ்வரத்து விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கின்றன. அப்படியும் கடைகளில் மீன் இருக்கும். ஒரு பங்கு நாட்டுப்படகுக்காரர்கள் பிடித்து வருவது. மறு பங்கு, தடை அப்போது தொடங்கியிராத கேரளக் கரையிலிருந்தோ குளிர்பதனக் கிடங்கிலிருந்தோ ஐஸ் பெட்டியில் பயணம் செய்து வந்தது. ஆகவே "என்ன மீன் இருக்கிறது?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "நாட்டுப்படகு மீன் எது?" என்றும் கேளுங்கள். ஒளிவுமறைவு இல்லாத கடைக்காரர் உடனே ஒன்றைக் காட்டுவார். அன்று அது விளைமீனாகவோ, நகரையாகவோ, முரலாகவோ, நண்டு, கணவாயாகவோ இருக்கலாம். கோவையில் பழகிய வஞ்சிரத்தையே தேடாமல், அவர் காட்டுவதை வாங்கிச் சாப்பிடுவதுதான் இந்த மாதத்துக்குப் பொருந்தும். பெயர்க் குழப்பம் ஒன்றும் உண்டு: தென்கரையில் பலர் வஞ்சிரத்தைத்தான் சீலா என்கிறார்கள், சென்னைப் பக்கத்தில் சீலா என்றால் ஊளி என்கிற வேறொரு மீன், விலையில் பெரிய வித்தியாசம் இருப்பதால் எந்த மீன் என்று கேட்டுக்கொண்டு ஆர்டர் கொடுப்பது நல்லது.

இனி நேரம். காலை 6 மணிக்குள் கோவையை விட்டால், மதுரைக்கு அருகில் காலை உணவை முடித்துக்கொண்டு, மானாமதுரை, பரமக்குடி வழியாகப் பன்னிரண்டரை மணியளவில் ராமநாதபுரம் வந்துவிடலாம். முதல் நாள் மதியச் சாப்பாட்டை இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். சைவத்துக்கும் அசைவத்துக்கும் தனித்தனிக் கடைகள் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும் மாவட்டத் தலைநகரம் இது. மீன் சாப்பாடு என்பது மதியச் சமாச்சாரம். பன்னிரண்டரையிலிருந்து இரண்டு மணிக்குள் உட்கார்ந்தால் அன்றைய குழம்பு. மூன்று மணிக்குப் போனால் சட்டியின் அடியில் உடைந்து கிடக்கும் துண்டுகள். இரவில் போனால் பெரும்பாலும் பரோட்டாவும் கோழியும்தான். குழம்பின் ஆழ்ந்த சிவப்பைப் பார்த்துப் பிள்ளைகள் மிரள வேண்டியதில்லை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் குண்டு மிளகாய் சேர்ந்திருந்தால் அந்த நிறம் வரும். என் நாக்குக்கு அதில் காரத்தை விட நிறமும் மணமுமே முன்னால் நிற்கின்றன.

இரண்டாம் நாள்தான் உங்கள் மாமியாரை நினைத்து நான் யோசிக்கும் நாள். ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தங்களும் ஆடி, ஈரம் மாற்றி, தரிசனம் முடிக்க, விடுமுறைக் கூட்டத்தில் மூன்று மணி நேரம்கூட ஆகலாம். வெறும் வயிற்றில்தான் நீராட வேண்டும் என்று பெரியவர்கள் பிடிவாதமாக இருப்பார்கள். மாத்திரையையும் போட்டுக்கொண்டு அப்படி நிற்பது ஆபத்து, சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். அன்று காலை மாத்திரையை எப்போது எடுப்பது என்று புறப்படுமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிஸ்கட்டும் சர்க்கரைப் பொட்டலமும் காரில் இருந்தால் பயனில்லை, ஏனெனில் கார் கோயிலிலிருந்து தொலைவில் நிற்கும். நனையாத பையில் போட்டு, நீராடாமல் உடன் வரும் ஒருவர் கையில் இருக்கட்டும். கோயிலைச் சுற்றிச் சைவ உணவகங்களுக்குக் குறைவில்லை. ஆனால் பகல் 1 மணிக்கு நடை சாத்தியதும் மொத்தக் கூட்டமும் அவற்றுக்குள்தான் நுழையும், ஆகையால் பன்னிரண்டேகாலுக்கே மாமியாரைச் சாப்பிட உட்கார வைத்துவிடுங்கள். மீன் வேண்டுபவர்கள் தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் போய் வரட்டும்.

தனுஷ்கோடிக்கு அன்று 3 மணிக்குப் புறப்பட்டால் போதும். ஊரிலிருந்து, சாலை முடியும் அரிச்சல்முனை வரை சுமார் 20 கிலோமீட்டர். மாலையில் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் அதற்கு மேல் தாமதிக்க வேண்டாம். 1964 புயலில் சிதைந்த தேவாலயச் சுவரைத் தாண்டினால், ஓலைக் கொட்டகைகளில் தட்டு நிறைய மசாலா தடவிய மீன்களை அடுக்கி வைத்திருப்பார்கள். அங்கேதான் கவனம் தேவை. மசாலா எல்லாவற்றையும் மறைத்துவிடும். கண்ணின் பளபளப்பு, செவுளின் சிவப்பு எதுவும் தெரியாது. மசாலா தடவாத முழு மீனைக் காட்டச் சொல்லுங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நிற்கக் கூடாது, மேலெழும்பி வர வேண்டும். விலையையும் வாணலியில் போடுமுன் பேசி முடியுங்கள்.

சூரையும் கானாங்கெளுத்தியும் அங்கே வேண்டாம் என்பது என் கருத்து. இந்த இன மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். எவ்வளவு பொரித்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலைவலி வந்தால் "மீன் ஒவ்வாமை" என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

மூன்றாம் நாள் 8 மணிக்குக் கிளம்பினால் பத்து மணியளவில் கீழக்கரை. அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்து, எண்ணெய் பிரியும் வரை மணிக்கணக்கில் கிண்டி எடுக்கும் தொதல் இந்த ஊரின் பெருமை. மாமியாருக்குக் காட்டாமல் வாங்குங்கள். உங்கள் பயணம் வெள்ளிக்கிழமையில் விழுந்தால், ஜும்ஆ தொழுகை நேரத்தில் கீழக்கரையிலும் ஏர்வாடியிலும் பல கடைகள் மூடியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஏர்வாடியைத் தாண்டினால் சாயல்குடி வரை சீமைக் கருவேலமும் பனையும்தான். ஆறு பேர் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடவும் சுத்தமான கழிப்பறைக்குப் போகவும் இடம் அரிது. நல்ல வேளையாக அது நுங்குக் காலம். சாலையோரத்தில் சீவித் தரும் நுங்கைத் தாராளமாகச் சாப்பிடலாம். பதநீரைக் காலையிலேயே குடித்துவிட வேண்டும், வெயில் ஏற ஏறப் புளித்துப்போகும். மாமியாருக்கு அது ஆகாது, முழுக்கச் சர்க்கரை. நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு, ஆகவே குடிதண்ணீர் கேன் ஒன்றை ராமநாதபுரத்திலேயே ஏற்றிக்கொள்ளுங்கள்.

அன்று மதியச் சாப்பாடு மற்றவர்களுக்குத் தூத்துக்குடியில். ஒரு மணியைத் தாண்டிவிடும். மாமியாருக்கு மட்டும் ராமேஸ்வரத்திலேயே தயிர்சாதம் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். தங்கும் இடத்தில் சொன்னால் குழைந்த சோற்றைப் பாலில் பிசைந்து ஒரே ஒரு கரண்டி தயிர் விட்டுத் தருவார்கள். சாயல்குடிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் வெம்பார் தாண்டும்போது திறந்தால் அப்போதுதான் தயிராகியிருக்கும், புளித்திருக்காது.