கல் கனமாக இருந்தால் மட்டும் போதுமா?

வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் தெலுக் ரூபியாவில் வந்து நிற்கும் இரும்புத் தாதுக் கப்பலைப் பற்றி இரண்டு வரி எழுதியதுதான் தாமதம், ஆயர் தாவாரிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் கல், மண், சுரங்கம் என்றே கடிதங்கள் குவிந்துவிட்டன. சமையலும் ஜாதகமும் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், இந்த மாதம் முழுக்க இதுதான்.

கேள்வி: அண்ணே, எங்கள் தோட்டத்தில் பழைய செம்பனையைச் சாய்த்துவிட்டு மறுநடவு நடக்கிறது. வாய்க்கால் வெட்டிய இடத்தில் கறுஞ்சிவப்பாகக் கல் நிறையக் கிடைத்தது. நல்ல கனம், காந்தம் வைத்தால் லேசாக இழுக்கிறது. இது இரும்புத் தாதுவா? விற்கலாமா?
– மண்டோர் ஒருவர், புருவாஸ்

பதில்: இரும்பு இருக்கும். ஆனால் அதைத் தாது என்று சொல்லிவிட முடியாது. வெயிலும் மழையும் வஞ்சனையில்லாமல் அடிக்கும் நம் மாதிரி ஊரில், கரையக்கூடியதையெல்லாம் மழைநீர் மண்ணிலிருந்து இழுத்துக்கொண்டு போய்விடும். கரையாத இரும்பும் அலுமினியமும் அங்கேயே தங்கி உருண்டை உருண்டையாக இறுகிவிடும். தோட்டத்துச் செம்மண் சாலையில் காலில் குத்துகிறதே, அந்தச் சரளைதான், லேட்டரைட் என்பார்கள். ரோட்டுக்குப் போட நல்ல கல், உலைக்குப் போட்டால் கட்டுப்படியாகாது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். உடைந்த டைல்ஸ் துண்டு ஒன்றைத் திருப்பி, பளபளப்பில்லாத பக்கத்தில் கல்லை அழுத்தி ஒரு கோடு இழுங்கள். மஞ்சள் கலந்த பழுப்பு விழுந்தால் நான் மேலே சொன்ன துருக்கல் சாதி. செங்காவி விழுந்தால் ஹெமடைட், கறுப்பு விழுந்தால் மேக்னடைட், இரண்டும் இரும்புத் தாதுதான், ஆனால் மேக்னடைட்டாக இருந்தால் காந்தம் லேசாக இழுக்காது, வெடுக்கென்று ஒட்டிக்கொள்ளும். கனத்தையும் பாருங்கள்: நல்ல ஹெமடைட் அதே அளவு தண்ணீரைப்போல ஐந்து மடங்கு இருக்கும், சாதாரண வெள்ளைக் குவார்ட்ஸ் இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் மேலேதான்.

விற்பது நடக்காத காரியம். நிலம் யார் பேரில் இருந்தாலும் அடியில் இருக்கும் கனிமம் மாநில அரசுக்குச் சொந்தம், தோண்டுவதற்கு மட்டுமல்ல, தேடுவதற்கே உரிமம் வேண்டும். லோரியில் ஏற்றி மாட்டிக்கொள்ளாதீர்கள். ஆசை விடவில்லை என்றால் ஒரு துண்டைக் கொண்டுபோய் ஈப்போவில் கனிமம், புவியறிவியல் துறையில் காட்டிக் கேளுங்கள்.

கேள்வி: யாரும் போகாத காட்டுக்குள் இரும்பு இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? சேட்டலைட்டே காட்டிக் கொடுத்துவிடுமா?
– ஐந்தாம் படிவ மாணவர், சித்தியவான்

பதில்: வெறும் பாறையும் பாலைவனமும் இருக்கும் நாட்டில் சேட்டலைட் படம் பெரிய உதவி தம்பி. மேலே மரம் மூடிக் கிடக்கும் நாட்டில் அதற்கு இலைதான் தெரியும்.

உன் ஊருக்குப் பக்கத்திலேயே வந்து இறங்கும் தாதுவின் கதையைச் சொல்கிறேன். 1967 ஜூலையில் பிரேசிலின் அமேசான் காட்டுக்கு மேலே ஒரு ஹெலிகாப்டர் போகிறது. உள்ளே பிரேனோ டோஸ் சாந்தோஸ் என்ற இளம் புவியியலாளர். அமெரிக்க எஃகுக் கம்பெனி ஒன்றின் கிளைக்காக அவர் தேடியது இரும்பை அல்ல, மாங்கனீஸை. எண்ணெய் நிரப்ப இறங்கியாக வேண்டும், கண்ணுக்கெட்டிய தூரம் வரை மரம், நடுவில் ஒரு குன்றின் மேல் மட்டும் மொட்டையாக ஒரு திட்டு. அங்கே இறங்கினால் காலுக்கடியில் இரும்புப் பாளம்! மரம் வேர்விட முடியாத அளவுக்கு இறுகிய இரும்பு மேலோடு, அதனால்தான் அந்த மொட்டை. கராஜாஸ் என்று உலகமே அறிந்த இடம் அதுதான். அங்கேயிருந்து வரும் தாதுவைத்தான் 4 லட்சம் டன் ஏற்றும் கப்பல்கள் தெலுக் ரூபியாவில் கொண்டுவந்து கொட்டுகின்றன, 2014 முதல். ஆனால் 1967-இல் கண்ட தாது 1985-இல்தான் ரயிலேறியது, அதுவும் கடற்கரை வரை ஏறக்குறைய 900 கிலோமீட்டர் தண்டவாளம் போட்ட பிறகு. கண்டுபிடிப்பது பாதி வேலைகூட இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். ஆப்பிரிக்காவில் கினியின் சிமாண்டு மலைக்கு 1997-லேயே உரிமம் கொடுத்தாகிவிட்டது. முதல் கப்பல் கிளம்பியது 2025 கடைசியில்.

இந்த அதிர்ஷ்டக் கதைகளை நம்பி இப்போது யாரும் காட்டுக்குள் போவதில்லை. முதலில் சிறு விமானத்தில் காந்தமானியைக் கட்டிக்கொண்டு நேர்கோடாக, இடைவெளி மாறாமல், போவதும் வருவதுமாகப் பறப்பார்கள். இரண்டாம் உலகப்போரில் கடலுக்கடியில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடப் பயன்பட்ட கருவிதான், போர் முடிந்ததும் மலைக்கு வேலைக்குப் போய்விட்டது. மேக்னடைட் இருந்தால் கருவி வரையும் கோடு துள்ளும். ஹெமடைட் அப்படித் துள்ளாது, அதற்குப் புவியீர்ப்பு அளக்க வேண்டும். அப்புறம் ஓடை. மலையில் என்ன இருக்கிறதோ அதில் ஒரு துளி ஓடை மணலில் இருந்தே தீரும், ஆகவே ஒவ்வொரு கிளை ஓடையிலும் மணலைச் சலித்து லேபுக்கு அனுப்பி, எந்தக் கிளையில் கூடுகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுவார்கள். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் அரிக்க டூலாங் தட்டோடு தண்ணீரில் நின்ற பெண்களைக் கேட்டிருந்தால் இதை முதல் நாளே சொல்லியிருப்பார்கள்.

கடைசியில் துளை போடுவது. வைரத் துணுக்கு பதித்த வாய் உள்ள குழாய் சுழன்று இறங்க, உள்ளே கரும்புத் துண்டுபோல உருளையாகப் பாறை வெளியே வரும். அதைத் தடுப்பு வைத்த நீளப் பெட்டியில் வரிசையாக அடுக்கி, இடையிடையே ஆழம் எழுதிய கட்டையைச் சொருகுவார்கள். காய்ந்த கல் எல்லாம் ஒரே சாம்பல்தான். தண்ணீர் தெளித்தவுடன் சிவப்பும் கறுப்பும் தனித்தனியாகப் பிரிந்து தெரியும், அப்போதுதான் லென்ஸைக் கண்ணில் வைப்பார்கள். பிறகு உருளையை நீளவாக்கில் இரண்டாக அறுத்து ஒரு பாதியை லேபுக்கு அனுப்பிவிட்டு, மறுபாதியைப் பெட்டியிலேயே வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள். அந்த மறுபாதிக்கு அடுத்த பதிலில் வேலை இருக்கிறது.

கேள்வி: உறவுக்காரர் ஒருவர் பகாங்கில் தங்கச் சுரங்கம் கிடைத்திருக்கிறது, ஐயாயிரம் வெள்ளி போட்டால் ஆறு மாதத்தில் இரட்டிப்பாகும் என்கிறார். லேப் ரிப்போர்ட் எல்லாம் காட்டினார். என் வீட்டுக்காரர் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தைப் போடலாமா என்று யோசிக்கிறார்.
– இல்லத்தரசி, ஆயர் தாவார்

பதில்: வேண்டாம் தங்கச்சி. கடிதத்தை மடிப்பதற்குள் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

பகாங்கில் தங்கம் இருப்பது பொய் இல்லை. ரவுப்பில் 1889-லிருந்து 1960-களின் தொடக்கம் வரை பூமிக்கடியில் போய் எடுத்திருக்கிறார்கள். உண்மை கொஞ்சம் கலந்திருப்பதால்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது. இனி கிழக்குக் கலிமந்தானுக்கு வாருங்கள். 1990-களில் பிரே-எக்ஸ் என்ற கனடா கம்பெனி அங்கே புசாங் என்ற காட்டில் உலகத்திலேயே பெரிய தங்கப் படிவம் கிடைத்துவிட்டது என்றது. சில்லறைக் காசுக்கு விற்ற பங்கு எகிறி, கம்பெனியின் மதிப்பு 600 கோடி கனடா டாலரைத் தொட்டது. 1997 மார்ச்சில் அந்தக் கம்பெனியின் புவியியலாளர் ஹெலிகாப்டரிலிருந்து விழுந்து இறந்தார். அதே மாதம், கூட்டுச் சேர வந்த ஃப்ரீபோர்ட் கம்பெனி அதே இடத்தில் பக்கத்திலேயே துளை போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லிக்கொள்ளும்படி தங்கமே இல்லை என்றது. மே மாதம் வெளியார் ஆய்வும் அதையே சொன்னது. ஆற்றில் அரித்த தங்கத் தூளைப் பாறைப் பொடியில் கலந்து லேபுக்கு அனுப்பியிருக்கிறார்கள்! லேப் பொய் சொல்லவில்லை, கொடுத்த பொடியில் தங்கம் இருந்தது, ரிப்போர்ட்டில் அதைத்தான் எழுதினார்கள். சரி, மறுபாதியை எடுத்துச் சோதித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். மறுபாதியே கிடையாது. உருளையை அறுக்காமல் முழுசாக அரைத்துவிட்டார்கள். கனடாவின் படித்த ஆசிரியர்களுடைய ஓய்வூதிய நிதியே அதில் பணம் போட்டு இழந்தது, நம் உறவுக்காரர் எம்மாத்திரம்.

அதற்குப் பிறகு 2001-இல் கனடா, தகுதியுள்ள ஒரு புவியியலாளரோ பொறியியலாளரோ தன் பெயரைப் போட்டுப் பொறுப்பேற்காமல் கனிம அறிக்கை வெளியிடக்கூடாது என்று சட்டம் போட்டது. ஆகவே உங்கள் உறவுக்காரரிடம் உரிமத்தின் எண் என்ன, யார் கையெழுத்து, எத்தனை துளை, மறுபாதிப் பெட்டி எந்தக் கொட்டகையில் இருக்கிறது என்று காப்பி கொடுத்தபடியே கேட்டுப் பாருங்கள். பேங்க் நெகாராவும் செக்யூரிட்டிஸ் கமிஷனும் எச்சரிக்கைப் பட்டியல் வைத்திருக்கின்றன, அதிலும் பார்க்கலாம், பெயர் அதில் இல்லை என்பதால் யோக்கியர் என்று அர்த்தமில்லை. ஆறு மாதத்தில் இரட்டிப்பு என்ற வார்த்தையே போதும் எனக்கு. தேடல் கம்பெனி என்பது பல வருடம் பணத்தை விழுங்கும் சாமான், ஆறு மாதத்தில் அது துளை போட ரோடு வெட்டி முடித்திருக்காது.

கேள்வி: 1960-களில் திரெங்கானு பக்கம் லோரி ஓட்டியவன் நான். புக்கிட் பெசியில் இன்னும் இரும்பு கிடக்கிறது என்கிறார்களே, ஏன் மூடினார்கள்?
– ஓய்வுபெற்ற வாசகர், பந்தாய் ரெமிஸ்

பதில்: ஐயா, போருக்கு முன் ஜப்பானியர் தோண்டி, போருக்குப் பின் வேறு கம்பெனி எடுத்து நடத்தி, டுங்குன் வரை ரயிலில் இறக்கி ஜப்பானுக்கே அனுப்பிய மலை அது. நல்ல தாது தீர்ந்துபோனது முதல் காரணம். இரண்டாவது காரணம் ஆஸ்திரேலியா. 1938-லிருந்து இரும்புத் தாதுவை வெளியே விற்கத் தடை போட்டிருந்த நாடு அது, அதனால் 1952-இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாரா பள்ளத்தாக்குகளுக்குள் தாழப் பறந்து துருச் சிவப்புச் சுவர்களைப் பார்த்த பண்ணைக்காரர் லாங் ஹான்காக் வருடக்கணக்கில் மூச்சே விடவில்லை. 1960-இல் தடையைத் தளர்த்தினார்கள், 1966-இல் பில்பாராத் தாது ஜப்பானுக்குக் கப்பலேறியது. அந்த மலைகளுக்கு முன்னால் நம் குன்று எத்தனை நாள் நிற்கும்? மிச்சம் இருக்கலாம், ஆனால் மிச்சத்தை எடுக்க ஆகும் செலவை யாராவது தருவார்களா என்பதுதான் கேள்வி.

கேள்வி: குவாந்தான் பாக்சைட் மாதிரி, தேட வந்தாலே ஊர் சிவந்துவிடுமா?
– வாசகி, லூமுட்

பதில்: இல்லை. குவாந்தானைச் செம்புழுதியாக்கியது பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவின் தேடல் அல்ல, அகழ்வு, அதுவும் கட்டுப்பாடில்லாத அகழ்வு. 2016 ஜனவரியில் அரசு நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. தேடும்போது துளை போட ஒரு களம் வெட்டுவார்கள், அதற்கு ஒரு பாதை. எனக்கு அந்தப் பாதைமேல்தான் சந்தேகம், தேடியவன் போனபிறகும் அது இருக்கும், மரம் வெட்டுகிறவன் அதில் வருவான்.

கேள்வி: மகள் புவியியல் படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். பெண் பிள்ளைக்கு ஆகுமா?
– தாய், கம்போங் கோ

பதில்: தாராளமாக. மலாயாப் பல்கலைக்கழகத்திலும் யுகேஎம்மிலும் புவியியல் துறை உண்டு, சுரங்கப் பக்கம் போக ஆசை என்றால் நிபோங் திபாலில் யுஎஸ்எம்மின் கனிம வளப் பொறியியல். வேலை காட்டில் என்றாலும் பாதி நாள் கல் பெட்டி முன்னாலும் கணினி முன்னாலும்தான் போகும். இரும்பு விலை இறங்கினால் முதலில் ஆட்குறைப்பு தேடல் பிரிவில்தான், அதை மட்டும் இப்போதே சொல்லி வையுங்கள். அட்டைப் பூச்சிக்குப் பயப்படுகிற பிள்ளையா? தோட்டத்தில் வளர்ந்தவள்தானே, அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.