மெல்லிய சிலிக்கான் டிடெக்டரில் நேரத் துல்லியம்: கேள்வி பதில்

கேள்வி: 30 பிகோசெகண்ட் (ஒரு பிகோசெகண்ட் என்பது நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு) துல்லியம் எதற்கு? யாருக்கு இவ்வளவு அவசரம்?

பதில்: அந்த நேரத்தில் ஒளியே 9 மில்லிமீட்டர்தான் போகும்! செர்ன் ஆய்வகத்தில் எல்.எச்.சி. என்னும் துகள் முடுக்கியை மேம்படுத்திய பிறகு, புரோட்டான் கற்றைகள் ஒருமுறை குறுக்கிட்டால் 200 மோதல்கள் வரை நடக்கும். எந்தத் துகள் எந்த மோதலில் பிறந்தது என்பதை இடத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. அதனால்தான் அங்குள்ள அட்லஸ், சி.எம்.எஸ். சோதனைகள் இரண்டுமே எல்.ஜி.ஏ.டி. வகை சிலிக்கானை, அதாவது சிக்னலை உள்ளேயே பெருக்கும் மெல்லிய சென்சாரை, நாடுகின்றன.

கேள்வி: தடிமன் கூடினால் சிக்னலும் பெரிதாகுமே, ஏன் 50 மைக்ரான் (0.05 மில்லிமீட்டர்) மட்டும்?

பதில்: மின்னூட்டம் கூடும், சிக்னல் ஏறும் வேகம் கூடாது. நமக்கு வேண்டியது அந்த வேகம். 50 மைக்ரானை எலக்ட்ரான் அரை நானோசெகண்டில் கடந்துவிடும். மின்னூட்டம் குறைவதை உள்ளிருக்கும் பெருக்க அடுக்கு 10 முதல் 30 மடங்கு பெருக்கி ஈடுகட்டும். ஒரேயடியாக மெலிதாக்கினாலும் கெப்பாசிட்டன்ஸ் (மின்தேக்கத் திறன்) ஏறி இரைச்சல் படுத்தும்.

கேள்வி: அண்ணா, லேசரில் 12 பிகோசெகண்ட் வருகிறது, ஸ்ட்ரான்ஷியம்-90 பீட்டா மூலத்தில் (எலக்ட்ரான்களை உமிழும் கதிரியக்கப் பொருள்) 35. எதை நம்புவது?

பதில்: ஆய்வறிக்கையில் 35-ஐப் போடுங்கள். அகச்சிவப்பு லேசர் தன் பாதை நெடுக ஒரே சீராக மின்னூட்டம் விடும். அதில் தெரிவது ஜிட்டர் (மின் இரைச்சலால் வரும் நேரத் தடுமாற்றம்) மட்டுமே. நிஜத் துகளோ இங்கே கொஞ்சம் அங்கே நிறைய என்று கொட்டிவிட்டுப் போகும். இந்த லாண்டாவ் ஏற்ற இறக்கம் மட்டுமே 50 மைக்ரானில் ஏறக்குறைய 25 பிகோசெகண்ட். 12, 25 இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 28-க்குள் அடங்கும். மிச்சம் எங்கிருந்து வந்தது? நேரத்தை ஒப்பிட வைத்த ரெஃபரன்ஸ் டிடெக்டரின் பங்கைக் கழித்தீர்களா? லேசர் பிரகாசத்தை ஒரு துகளின் அளவுக்குக் குறைத்து வைத்தீர்களா? ஒளியைக் கூட்டிவிட்டு ஜிட்டர் குறைந்தது என்று மகிழ்பவர்கள் நிறைய.

கேள்வி: தனி ரெஃபரன்ஸ் இல்லை. ஒரே மாதிரி இரண்டு சென்சார்தான் இருக்கின்றன.

பதில்: போதும். ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, நேர வித்தியாசத்தின் சிக்மாவை (பரவலின் அளவை) ரூட் 2-ஆல் வகுங்கள். 42 பிகோசெகண்ட் வந்தால் ஒவ்வொன்றும் சுமார் 30. வோல்டேஜும் வெப்பநிலையும் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும், இல்லாவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. மூன்று சென்சார் கிடைத்தால், எல்லாம் ஒரே மாதிரி என்ற இந்த அனுமானமே வேண்டாம். மூன்று ஜோடி, மூன்று சமன்பாடு.

கேள்வி: திரெஷோல்டு (சிக்னல் எந்த அளவைத் தாண்டும்போது நேரம் குறிக்கிறோமோ அது) நிலையாக வைக்கலாமா?

பதில்: அப்படியே வைத்தால் பெரிய சிக்னல் முந்திக்கொள்ளும். உச்சத்தின் குறிப்பிட்ட சதவீதத்தில் நேரம் எடுங்கள். எத்தனை சதவீதம் என்பதை உங்கள் தரவில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கேள்வி: கதிர்வீச்சு வாங்கிய சென்சாரை எத்தனை வோல்ட் வரை ஏற்றலாம்?

பதில்: பெருக்க அடுக்கில் இருக்கும் போரான் செயலிழப்பதால், பழைய பெருக்கத்தைப் பெற வோல்டேஜை ஏற்றத்தான் வேண்டும். மைனஸ் 30 டிகிரிக்குக் குளிரவைத்துச் சோதியுங்கள். ஆனால் மைக்ரானுக்கு 11 வோல்ட், அதாவது 50 மைக்ரானுக்கு 550 வோல்ட், அதோடு நிறுத்துங்கள். அதற்கு மேலே போனால் ஒரே ஒரு துகள் சென்சாரைப் பொசுக்கிவிடலாம். பீட்டா மூலத்தில் தப்பித்துவிட்டது என்று தைரியப்படாதீர்கள். இது முடுக்கியின் துகள் கற்றையில்தான் நடக்கும்.