ஸ்பேஸ் இன்வேடர்ஸ்: கறுப்பு வெள்ளைத் திரையில் நிறம் வந்தது எப்படி?

இறங்கிவரும் வேற்றுக்கிரக எதிரிகளைச் சுடும் வீடியோ ஆட்டமான ஸ்பேஸ் இன்வேடர்ஸின் பழைய பெட்டி ஒன்றை ராயபுரத்தில் சீர்செய்துவரும் நீங்கள், கறுப்பு வெள்ளைத் திரையில் நிறம் தெரிவது எப்படி என்றும், எதிரிகள் குறையக் குறைய வேகம் கூடுவது ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நிறம், திரையில் ஒட்டிய செலோஃபேன் (ஒளி புகும் வண்ணத்தாள்) பட்டைகளின் வேலை: அரண்கள் இருக்கும் கீழ்ப்பகுதிக்குப் பச்சை, பறக்கும் தட்டு வரும் மேற்பகுதிக்குச் சிவப்பு. 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக வடிவமைப்பாளர் டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய இந்த ஆட்டத்தின் நின்று ஆடும் பெட்டியில், திரைக்குழாய் நம்மைப் பார்த்தபடி இருப்பதில்லை. அது கீழே மேல்நோக்கிக் கிடக்க, அதன் படம் சாய்வாகப் பொருத்திய அரைப்பூச்சுக் கண்ணாடியில் (ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி, மீதியை ஊடுருவ விடுவது) பட்டு, பின்னால் தீட்டிய நிலவுக் காட்சியின்மேல் மிதப்பதுபோல் தெரிகிறது. ஆகவே குழாயில் படம் கண்ணாடிப் பிம்பம்போல் புரண்டு தெரிந்தால், பழுது என்று எண்ணி வயரைப் பிரித்துவிடாதீர்கள். கண்ணாடியின் பூச்சு மிக மெல்லியது. அழுத்தித் துடைத்தால் போய்விடும். கடற்காற்று வீசும் பகுதி என்பதால், மின்சுற்றுப் போர்டின் இணைப்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்பதையும் பார்ப்பது நல்லது.

இனி வேகம். இன்டெல் 8080 சிப்பில் ஓடும் நிரல், நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில், ஒரு முறைக்கு ஓர் எதிரியை மட்டுமே நகர்த்துகிறது. 55 எதிரிகளும் இருக்கையில் ஒரு சுற்று முடிய ஏறத்தாழ ஒரு நொடி ஆகும்; ஒன்றே மிஞ்சினால் அது ஒவ்வொரு முறையும் நகரும். இப்படித் தானாகவே வேகம் கூடுவதை நிஷிகாடோ திருத்தாமல் விட்டார், நல்லவேளையாக.