ஊசிக்கு முன் ஒரு பென்சில் கோடு

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகனுக்கு 14 வயது 2 மாதம், ஒன்பதாம் வகுப்பு. உயரம் 146 சென்டிமீட்டர். குரல் உடையவில்லை, மீசை அரும்பவில்லை. 12 வயதுத் தங்கை அவனைவிட உயரமாகிவிட்டாள். திருமண மண்டபம் ஒன்றில் நடந்த இலவச உயர முகாமுக்கு அழைத்துப்போயிருக்கிறார். அங்கே ஒருவர், "15 வயதில் எலும்பு மூடிவிடும், அதற்குள் ஊசி போட வேண்டும்" என்று சொல்லி ஒரு டப்பா பொடியைக் கொடுத்து, 3,000 ரூபாய் முன்பணமும் வாங்கியிருக்கிறார். அடுத்த மாதம் முதல் ஊசி. தந்தையின் உயரம் 168, தாயின் உயரம் 154. தந்தையும் பள்ளி முடித்த பிறகுதான் வளர்ந்தாராம். பையனுக்குப் போலீஸ் வேலையில் ஆசை. "ஊசி போடலாமா, காத்திருக்கலாமா?" என்பது கேள்வி.

அம்மா, அந்த ஊசி வேண்டாம். பொடியை இன்றே நிறுத்துங்கள். அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கவும் சொல்ல மாட்டேன். உங்கள் மகனுக்கு ஒரு முறை முறையான பரிசோதனை தேவை. அதன் பிறகு ஆறு மாதக் கணக்கு ஒன்று தேவை. இந்த இரண்டும் இல்லாமல் அவனுக்கு என்ன மருந்து என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்கிறவர் விற்கிறவராகத்தான் இருப்பார்.

முதலில் தங்கையைப் பற்றி. பெண் குழந்தைகளின் வேகமான வளர்ச்சி ஏறக்குறைய 12 வயதில் வருகிறது. பையன்களுக்கு அது சுமார் இரண்டு ஆண்டு தள்ளி, 14 வயதை ஒட்டி வருகிறது. ஆகவே அண்ணனைத் தங்கை தாண்டி நிற்பது பல வீடுகளில் நடப்பதுதான். இதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். வீட்டில் இருவரையும் முதுகோடு முதுகு நிறுத்திப் பார்ப்பதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த விளையாட்டு அவனுக்கு எவ்வளவு வலிக்கும் என்பது எனக்குத் தெரியும்.

அடுத்தது மீசையும் குரலும். பெண் வயதுக்கு வந்தால் ஊருக்கே சொல்கிறோம், நாள் குறித்துச் சடங்கு செய்கிறோம். பையன் வயதுக்கு வருவதற்கு அப்படி ஒரு நாள் இல்லை. அதனால் பெற்றோர் மீசையைப் பார்க்கிறார்கள். ஆனால் மீசை மிகவும் பிந்தி வருவது. குரல் உடைவதும் பருவத்தின் நடுவில்தான். பையனிடம் தோன்றும் முதல் அடையாளம் விரைகள் பெரிதாகத் தொடங்குவது. இது 9 வயதிலிருந்து 14 வயதுக்குள் எப்போது தொடங்கினாலும் இயல்பே. அளந்து பார்க்க மருத்துவர்களிடம் ஒரு மணிச்சரம் உண்டு. சிறியதிலிருந்து பெரியது வரை கோர்த்த மணிகள், ஒவ்வொன்றிலும் அதன் கொள்ளளவு மில்லிலிட்டரில் பொறித்திருக்கும். விரை 4 மில்லிலிட்டர் மணியின் அளவை எட்டிவிட்டால் பருவம் தொடங்கிவிட்டது என்று பொருள். உயரத்தின் பெரிய பாய்ச்சல் 10 மில்லிலிட்டர் அளவையொட்டித்தான் வரும். உங்கள் மகன் அந்த 4ஐத் தொட்டிருந்தால், மீசை இல்லாவிட்டாலும் வண்டி கிளம்பிவிட்டது. 14 நிறைந்தும் தொடவில்லை என்றால் பருவத் தாமதம் என்று வைத்துக்கொண்டு காரணம் தேட வேண்டும்.

இந்தப் பரிசோதனைக்கு ஒரு திரையும் இரண்டு நிமிடமும் போதும். அதைக்கூடச் செய்யாமல், சட்டையோடு எடை பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைச் சீட்டை நீட்டுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள் என்பது என் தொழிலுக்கு வெட்கக்கேடு. மருத்துவர் திரையை இழுக்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். அந்த நேரத்தில் தாய் வெளியே நிற்பதா, தந்தை உடன் இருப்பதா என்பதை மட்டும் பையனே சொல்லட்டும்.

இனி அந்த "15 வயதில் எலும்பு மூடிவிடும்" என்ற பேச்சுக்கு வருகிறேன். ஆண்டுதோறும் எத்தனையோ குடும்பங்களை இது ஒன்றே கடன் வாங்க வைக்கிறது. எலும்பின் முனையிலுள்ள வளர்ச்சித் தட்டுக்குப் பிறந்த தேதி தெரியாது. பருவம் எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அது மூடும்; மூடினால் உயரம் நின்றுவிடும். இடது கை மணிக்கட்டை ஒரு எக்ஸ்-ரே எடுத்தால் எலும்பின் வயது தெரிந்துவிடும். தாமதமாக வளரும் பையன்களுக்கு 14 வயதில் எலும்பு வயது 12ஆக இருப்பது சாதாரணம். 12 வயதுப் பையனுக்கு 146 சென்டிமீட்டர் ஒரு குறையே இல்லை. உங்கள் மகனுக்கும் அப்படி இருந்தால் அவனுக்கு நேரம் குறைவில்லை, மற்ற பையன்களைவிட இரண்டு ஆண்டு கூடுதலாகவே இருக்கிறது. அவசரப்படுத்துகிறவருக்குத்தான் நேரம் இல்லை. மண்டபத்தைக் காலி செய்துகொண்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டும்.

அவர் எந்த ஊசியைச் சொல்கிறார் என்பதை நீங்கள் எழுதவில்லை. ஒருவேளை அவரும் சொல்லியிருக்க மாட்டார். ஆண் ஹார்மோன் வகை ஊசி என்றால் ஆபத்து இதுதான்: முதல் ஆண்டில் பையன் சட்டென்று வளர்வான், பெற்றோர் மகிழ்வார்கள். அதே மருந்து எலும்பை விரைவாக முதிரவைத்துத் தட்டை முன்கூட்டியே மூடிவிடும். கடைசியில், தானாக வளர்ந்திருந்தால் எட்டியிருக்கும் உயரத்தையும் இழப்பான். உடற்பயிற்சிக் கூடங்களில் கைமாறும் மாத்திரைகளும் இதே வேலையைச் செய்கின்றன. சேர்மானம் அச்சிடாத பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். பசி எடுக்கும், கன்னம் உப்பும், "தேறிவிட்டான்" என்று தோன்றும். உள்ளே வளர்ச்சி தடைபட்டுக்கொண்டிருக்கும்.

இவர்களோடு கைகோத்த சில ஆய்வகங்கள் "வளர்ச்சி ஹார்மோன் அளவு" என்று ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுக் குறைவு என்று அச்சடித்துக் கொடுக்கின்றன. வளர்ச்சி ஹார்மோன் நாள் முழுவதும் ஒரே அளவில் சுரப்பதில்லை. அலை அலையாக, அதிலும் ஆழ்ந்த தூக்கத்தில்தான் அதிகம் சுரக்கிறது. பகலில் எடுத்த ஒற்றை ரத்தத்தில் பெரும்பாலும் யாருக்கும் குறைவாகவே இருக்கும், என் ரத்தத்திலும்தான். உண்மையாகக் குறைபாடு உள்ளதா என்று அறிய, மருத்துவமனையில் மருந்து கொடுத்துத் தூண்டிவிட்டுப் பல முறை ரத்தம் எடுக்க வேண்டும். அந்த ஒற்றைப் பரிசோதனையை நம்பி ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

உயரத்தைக் கூட்டித் தருவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதே குற்றம். மாய மருந்து விளம்பரங்களைத் தடை செய்யும் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் மனிதரின் உயரமும் இருக்கிறது. சட்டம் வந்து 70 ஆண்டுகள் தாண்டிவிட்டன. பேருந்து நிலையச் சுவர்களில் அந்தச் சுவரொட்டி இன்னும் பசை காயாமல் இருக்கிறது. கிழிக்க வேண்டியவர்கள் அதே பேருந்து நிலையத்தில்தான் இறங்கி அலுவலகம் போகிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வீட்டில் ஒரு கதவு நிலையில், காலையில் எழுந்ததும், செருப்பில்லாமல், குதிகாலும் முதுகும் ஒட்ட நிறுத்தி, தலைமேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை மட்டமாக வைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள். தேதி எழுதுங்கள். மாலையில் அளக்க வேண்டாம். நடந்து திரிந்த உடம்பு மாலையில் ஒரு சென்டிமீட்டர் வரை குறைந்து நிற்கும். ஆறு மாதம் கழித்து அதே இடத்தில், அதே நேரத்தில் அடுத்த கோடு. வாரந்தோறும் அளந்து அவனை வதைக்காதீர்கள். பருவம் தொடங்காத பையன் ஆண்டுக்கு 4 முதல் 6 சென்டிமீட்டர் வளர்வான். தொடங்குவதற்குச் சற்று முன் வேகம் இன்னும் தணியும். கவாத்து செய்த தேயிலைச் செடி சில மாதம் வெறும் குச்சியாக நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்து யாரும் வேரோடு பிடுங்குவதில்லை. பாய்ச்சல் வந்த பிறகு ஆண்டுக்கு 8, 9 சென்டிமீட்டர்கூட ஏறும்.

பழைய அளவுகள் கிடைத்தால் ஆறு மாதம் காத்திருக்கவே வேண்டாம். பள்ளியில் கேளுங்கள். ஆண்டுதோறும் குழு வந்து உயரமும் எடையும் குறித்துக்கொண்டு போகிறது. ஆனால் போன ஆண்டின் எண்ணை இந்த ஆண்டின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆள் யாரும் இல்லை. எத்தனை பிள்ளைகளை அளந்தோம் என்ற கணக்கு மேலே போகிறது. பிள்ளை எவ்வளவு வளர்ந்தான் என்பது எங்கேயும் போவதில்லை. அந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தாலே இந்த மண்டப வியாபாரம் பாதி படுத்துவிடும். இதைக் கூட்டங்களில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. பள்ளியில் கிடைக்கவில்லை என்றால் சீருடை தைத்த தையல்காரரின் நோட்டைக் கேளுங்கள். முழுக்கால் சட்டையின் நீளம் ஆண்டுக்காண்டு கூடியிருக்கிறதா என்று அது காட்டிக்கொடுக்கும்.

பெற்றோர் உயரத்தைக் கூட்டி, அதோடு 13 சேர்த்து, இரண்டால் வகுத்தால் பையன் எட்டக்கூடிய உயரம் தோராயமாகக் கிடைக்கும். உங்களுக்கு 167.5. இதிலிருந்து 8 சென்டிமீட்டர் வரை கூடலாம், குறையலாம். போலீஸ் தேர்வில் பொதுவாக ஆண்களுக்கு 170, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 167 கேட்கிறார்கள். அந்தக் கதவு அவனுக்கு மூடவில்லை. திறந்திருக்கும் என்று வாக்குக் கொடுக்கவும் என்னால் முடியாது.

தந்தை பிந்தி வளர்ந்தார் என்று எழுதியிருப்பது நல்ல செய்தி. பையன்களின் பருவத் தாமதத்துக்கு மிகவும் பொதுவான காரணம் இப்படிக் குடும்பத்தில் ஓடிவரும் மெதுவான கடிகாரம்தான். ஆனால் அதையே காரணமாக வைத்து எல்லாவற்றையும் தள்ளிவிடக் கூடாது. ஆண்டுக்கு 4 சென்டிமீட்டர்கூட ஏறவில்லை, உயரம் நின்று எடை மட்டும் கூடுகிறது, தலைவலியோடு வாந்தி அல்லது பார்வை மங்கல் என்றால் உடனே காட்டுங்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் குடும்பம் என்றால், வளர்ச்சியைத் தாமதப்படுத்தக்கூடிய பரம்பரை ரத்த நோயான அரிவாள் செல் சோகைக்கும் பார்க்க வேண்டும்.

இன்னொன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், யாரும் கேட்காத கேள்வி என்பதால். உங்கள் மகனுக்கு வாசனை தெரிகிறதா? கரு வளரும்போது, பருவத்தைத் தொடங்கிவைக்கும் நரம்பணுக்கள் மூக்குப் பகுதியில் பிறந்து, வாசனை நரம்பின் வழியே மூளைக்குப் போய்ச் சேர்கின்றன. அந்த வழி அமையாதவர்களுக்கு வாசனையும் இருக்காது, பருவமும் தானாக வராது. அரிதுதான். ஆனால் தவறவிட்டால் பையன் ஆண்டுக்கணக்கில் உள்ளுக்குள் வேகிறான். 19 வயதில் என்னிடம் வந்த ஒருவன் நல்ல உயரம். உயரம் இருந்ததாலேயே வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தட்டு மூடாததால் கைகால்கள் நீண்டுகொண்டே போயிருந்தன. குரல் மட்டும் குழந்தைக் குரல். அடுப்பில் பால் தீய்ந்து வீடு முழுக்க நாறும்போதும் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பானாம். அதை அக்கறையின்மை என்று திட்டியிருக்கிறார்கள். சிகிச்சை உண்டு, அவன் ஐந்து ஆண்டு முன்பே வந்திருக்க வேண்டும்.

வீட்டில் சோதிக்க நினைத்தால் நீலகிரித் தைலத்தை மூக்கில் காட்டாதீர்கள். நம் மலையில் எல்லோர் கையும் முதலில் அந்தப் புட்டிக்குத்தான் போகும். தைலத்தின் காரமும் குளிர்ச்சியும் முகத்தின் தொடு உணர்ச்சி நரம்பைத் தாக்குபவை. வாசனையே தெரியாதவனும் "தெரிகிறது" என்பான். சளி இல்லாத நாளில், கண்ணை மூடச் சொல்லிக் காப்பித்தூளோ மல்லிகையோ காட்டுங்கள். வாசனை தெரிந்தாலும் மருத்துவரின் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. சிறுவயதில் விரை இறங்காமல் அறுவை சிகிச்சை நடந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

நாளமில்லாச் சுரப்பி நிபுணரை, அதாவது ஹார்மோன் மருத்துவரைப் பார்க்கக் கோயம்புத்தூர் இறங்க வேண்டியிருக்கும். ஒரு நாள் கூலி, பஸ் செலவு, அங்கே டோக்கனுக்கு வரிசை. எக்ஸ்-ரே இல்லை என்று திருப்பி அனுப்பினால் இன்னொரு நாள். ஆகவே மணிக்கட்டு எக்ஸ்-ரே, தைராய்டு, ரத்த அணு எண்ணிக்கை ஆகியவற்றை இங்கேயே அரசு மருத்துவமனையில் எழுதி வாங்கி முடித்துக்கொண்டு, கதவு நிலையின் எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு இறங்குங்கள். பையன் மிகவும் மனம் உடைந்திருந்தால் நிபுணரே குறைந்த அளவில், மூன்று முதல் ஆறு மாதம், மாதம் ஒரு ஆண் ஹார்மோன் ஊசி போட்டுப் பருவத்தைத் தொடங்கிவைக்கலாம். மண்டபக்காரர் சொல்வதும் ஊசிதானே என்று கேட்காதீர்கள்; இது எலும்பு வயதைப் பார்த்து, அளவு குறித்து, நிறுத்தும் நாளையும் குறித்துப் போடுவது.

அந்தப் பொடி டப்பாவைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மூடியோடு, முகாம் நோட்டீஸோடு, பணம் கட்டிய சீட்டு இருந்தால் அதோடும் ஒரு பையில் போட்டு வையுங்கள். முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். மருந்து ஆய்வாளருக்கு எழுத்தில் ஒரு புகார் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கு அந்த மண்டபத்தில் உங்களோடு வரிசையில் நின்ற மற்ற தாய்மாரிடமும் பேசிப் பாருங்கள். ஐந்து பேர் கையெழுத்திட்ட புகாரை ஓரமாக வைப்பது கடினம்.