முதலாளிக்குச் சம்பளம் உண்டா?

கேள்வி: நான் நான்கு ஆண்டுகளாகத் தனியாகச் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்கிறேன். வீட்டுச் செலவுக்கு வேண்டியபோதெல்லாம் கல்லாவிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். மகளின் கல்லூரிக் கட்டணத்தையும் கடைக் கணக்கிலிருந்தே கட்டினேன். மாதம் 25,000 ரூபாயை எனக்குச் சம்பளம் என்று செலவில் எழுதினால் வரி குறையும் என்று ஒருவர் சொல்கிறார். எழுதலாமா? எவ்வளவு எடுப்பது முறை?
– வாசகி, வில்லாபுரம், மதுரை

பதில்: எழுதக் கூடாது. சம்பளம் என்றால் கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் வேறொருவர் இருக்க வேண்டும். தனி உரிமையாளர் வியாபாரத்தில் கடையும் நீங்களும் சட்டத்தின் பார்வையில் ஒரே ஆள் என்பதால், நீங்கள் எடுக்கும் பணம் செலவாகாது. கணக்குப் பதிவியலில் அதற்கு ‘எடுப்பு’ என்று பெயர், அது நீங்கள் வியாபாரத்தில் போட்ட மூலதனத்தின் கணக்கில் கழியும். கல்லூரிக் கட்டணமும் எடுப்புதான். உறவினர் வீட்டு விசேஷத்திற்குச் சீர் வைக்கக் கடையிலிருந்து எடுத்துப்போகும் சேலையும் எடுப்புதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதை அடக்க விலைக்கு எழுதுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு: ஆண்டு விற்பனை 30 லட்சம், துணி, சாயம், சாயமிடுமுன் துணியில் முடிச்சுப் போடும் கூலி, வாடகை எல்லாம் போக மிச்சம் 6 லட்சம் என்று கொள்வோம். நீங்கள் எடுத்தது 3 லட்சமானாலும் 5 லட்சமானாலும் உங்கள் வருமானம் அந்த 6 லட்சமே. மாதச் சம்பளக்காரருக்கு உள்ள நிலைக்கழிவும் (வரிக்கு முன் சம்பளத்திலிருந்து கழிக்கப்படும் நிலையான தொகை) உங்களுக்குக் கிடைக்காது. ஆனால் 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான இத்தகைய வருமானத்திற்குத் தள்ளுபடி போக வரியே இல்லை. இல்லாத வரியைக் குறைக்கவா இந்தப் பொய்க்கணக்கு? வருமானம் 4 லட்சத்தைத் தாண்டுவதால் கணக்குத் தாக்கல் செய்வது மட்டும் கட்டாயம்.

விற்பனையில் 8 சதவீதத்தை, வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ வந்த தொகைக்கு 6 சதவீதத்தை, லாபமாகக் காட்டும் எளிய முறையும் சிறு வியாபாரிகளுக்கு உண்டு. அது குறைந்தபட்ச அளவு; உண்மையில் 6 லட்சம் கிடைத்திருந்தால் 6 லட்சத்தையே காட்ட வேண்டும். 30 லட்சத்தில் 6 சதவீதம் என்று 1.8 லட்சம் லாபம் காட்டிவிட்டு 3 லட்சத்தை வீட்டுக்கு எடுத்திருந்தால், நாளை கடன் கேட்டுப் போகும் வங்கியிலும் விளக்கம் சொல்லத் தடுமாறுவீர்கள்.

இனி, எவ்வளவு எடுப்பது? சித்திரைத் திருவிழா விற்பனையைப் பார்த்துத் தொகையை முடிவு செய்யாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சாயமிட்ட சேலை காயாமல் வேலை முடங்கும் மாதங்களில், முடிச்சுப் போடும் பெண்களின் கூலியும் அடுத்த கொள்முதலுக்கான பணமும் போக எது மிஞ்சுகிறதோ, அதுவே மாதந்தோறும் எடுக்கத்தக்க தொகை. கடைக்கு ஒரு வங்கிக் கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு என்று பிரித்து, மாதத்தில் ஒரே நாளில் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். நல்ல விற்பனைக்குப் பின் கூடுதலாக எடுப்பதானால், சரக்குக் கடனை அடைத்த பிறகு ஒரு முறை எடுக்கலாம். கல்லாவைக் கையால் தொடும் பழக்கத்தை விடுவதுதான் இதில் கடினமான பகுதி.

வரிக் கணக்கில் இல்லாத உங்கள் கூலி, விலைக் கணக்கில் கட்டாயம் இருக்க வேண்டும். மாதம் 250 சேலை விற்கிறீர்கள் என்றால், 25,000 ரூபாய் என்பது சேலைக்கு 100 ரூபாய். மேற்சொன்ன ஆண்டு மிச்சம் 6 லட்சம் என்பது மாதம் 50,000; அப்படிச் சேலைக்கு மிஞ்சும் 200 ரூபாயில் பாதி உங்கள் உழைப்புக்கானது, மறுபாதிதான் வியாபாரத்தின் லாபம். மொத்தமாக வாங்கும் கடைக்காரர் ஒருவர் சேலைக்கு 150 ரூபாய் குறைக்கச் சொல்லி, நீங்களும் சம்மதித்தால், லாபம் முழுவதும் போவதோடு உங்கள் கூலியிலும் 50 ரூபாய் அவருக்குப் போய்ச் சேருகிறது.