மாத்திரை முடிந்தும் ரத்தத்தில் பாசிட்டிவ்... கிருமி போகவில்லையா?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. எண்டோஸ்கோபியில் வயிற்றில் எச் பைலோரி கிருமி இருப்பதாகச் சொல்லி 14 நாள் மாத்திரை கொடுத்தார்கள், ஒருவேளைகூட விடாமல் போட்டார். இரண்டு மாதம் கழித்து நாங்களாகவே லேபில் ரத்தம் கொடுத்துப் பார்த்தோம், மறுபடியும் பாசிட்டிவ். மருந்து வேலை செய்யவில்லையா? இன்னொரு முறை எண்டோஸ்கோபி என்றால் பயப்படுகிறார்.
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்த ரத்த ரிப்போர்ட்டை ஓரமாக வையுங்கள், அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். ரத்தத்தில் தேடுவது கிருமியை அல்ல, அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளை. கிருமி செத்த பிறகும் அது மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில்கூட ரத்தத்தில் இருக்கும். அதனால் சிகிச்சை பலித்ததா என்று பார்க்க இந்தப் பரிசோதனை உதவாது.

நீங்கள் செய்ய வேண்டியது மூச்சுப் பரிசோதனை அல்லது மலத்தில் கிருமியின் துணுக்கைத் தேடும் ஆன்டிஜென் பரிசோதனை. வயிற்று அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்று மருத்துவர்களே நம்பியிருந்தார்கள், 1984-ல் ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல் இந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டும் வரை. யூரியேஸ் என்ற நொதியால் யூரியாவை உடைத்து, அதில் வரும் அம்மோனியாவை வைத்து அமிலத்தைச் சமாளிக்கிறது இந்தக் கிருமி. அப்படி உடைக்கும்போது கரியமில வாயுவும் வருமல்லவா, அதைத்தான் மூச்சில் பிடிக்கிறார்கள். அடையாளமிட்ட கார்பன் உள்ள யூரியாவைக் குடிக்கக் கொடுத்து, சற்று நேரம் கழித்து ஊதச் சொல்வார்கள், அவ்வளவுதான். கார்பன் 13 என்றால் கதிரியக்கமே இல்லை. கார்பன் 14-ல் மிகக் கொஞ்சம் உண்டு, கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அதைத் தவிர்ப்பார்கள். இந்த வசதி பக்கத்தில் இல்லையென்றால் மலப் பரிசோதனையே போதும், நம்பகத்தில் அதுவும் கிட்டத்தட்ட இதற்கு இணைதான்.

ஆனால் ஒன்று, இதில்தான் நிறைய பேர் ஏமாந்துபோகிறார்கள். அமிலத்தைக் குறைக்க காலையில் வெறும் வயிற்றில் போடும் பான்டோபிரசோல், ஒமிப்பிரசோல் மாதிரி மாத்திரைகள் கிருமியை அடக்கி வைக்கும், அதைப் போட்டுக்கொண்டே போனால் கிருமி இருந்தும் நெகட்டிவ் வரலாம். டெஸ்டுக்கு இரண்டு வாரம் முன்பே அதை நிறுத்த வேண்டும், ஆன்டிபயாடிக் முடிந்து குறைந்தது நான்கு வாரம் ஆகியிருக்க வேண்டும். உங்கள் கணவர் ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது சாப்பிடுகிறார் என்றால் மட்டும் அந்த அமில மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது, மருத்துவரைக் கேட்டுத்தான்.

கிருமி போய்விட்டதா என்று பார்க்க மட்டும் எண்டோஸ்கோபி தேவையில்லை. முதல் எண்டோஸ்கோபியில் இரைப்பையில் புண் இருந்ததாக எழுதியிருந்தால், அல்லது மலம் தார் மாதிரி கறுப்பாகப் போவது, ரத்த வாந்தி, காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கச் சிரமம் என்று ஏதாவது இருந்தால் கதை வேறு. அப்போது பயந்துகொண்டு தள்ளிப்போடாதீர்கள், கறுப்பு மலமோ ரத்த வாந்தியோ என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.